பியூட்டிஷியன் கோர்ஸுக்குக் காசு கட்டும் முன்: வட சென்னைக்காரர்களுக்கு

பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்துவிட்டால் போதும், எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்வியோடுதான் வரும். "அக்கா, பியூட்டிஷியன் கோர்ஸ் சேரலாம்னு இருக்கேன், எந்த இடம் நல்லா இருக்கும்?" தண்டையார்பேட்டையோ வியாசர்பாடியோ எண்ணூரோ, யார் எங்கிருந்து கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த இடத்தில் கோர்ஸ் முடிவதற்குள் எத்தனை பேர் முகத்தில் உங்களைக் கை வைக்க விடுவார்கள்? இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் ஏசி ஹாலையும் பட்டமளிப்பு விழா போட்டோவையும் காட்டுகிற இடமாக இருந்தால் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிடுங்கள். சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டலாம், ஆனால் நாற்காலியில் வந்து உட்காரும் அத்தைக்கு ஐப்ரோ இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

சரி, எங்கே சேரலாம்? காசு அதிகம் செலவாகாத வழியில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதைப் பற்றித்தான் நம்ம ஏரியாவில் யாரும் சொல்வதில்லை.

ஐடிஐ என்றாலே ஃபிட்டர், வெல்டர், ஆண் பிள்ளைகள் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி என்று அழகுக்கலைக்கான ஒரு டிரேட் (தொழிற்பிரிவு) இருக்கிறது. பத்தாவது பாஸ் போதும், ஒரு வருடம், சுமார் 1200 மணி நேரப் படிப்பு, கடைசியில் அகில இந்தியத் தேர்வு எழுதி மத்திய அரசின் தேசியத் தொழிற் சான்றிதழ் (என்டிசி) வாங்கலாம். எல்லா ஐடிஐயிலும் இந்த டிரேட் கிடையாது, அதனால் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் அந்த வருடப் பட்டியலைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது. திருவொற்றியூரில் இருந்து கிண்டியா என்று மலைக்க வேண்டாம், விம்கோ நகரில் ஏறினால் ஏர்போர்ட் போகும் மெட்ரோ அதே வண்டியிலேயே கிண்டியில் இறக்கிவிடும். மெட்ரோ கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் சாதாரணக் கட்டண அரசு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய்க்கும் எழுதிப் போடலாம். அந்தத் திட்டமே 2022 செப்டம்பர் 5 அன்று நம்ம பிராட்வே பக்கம் பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது, ஆனாலும் ஐடிஐ படிப்புக்கும் அது பொருந்தும் என்பது இங்கே நிறைய வீடுகளுக்குத் தெரியாது. சேரும்போதே அலுவலகத்தில் கேட்டு ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐடிஐயில் அடிப்படை பலமாக இருக்கும். தோல் எத்தனை அடுக்கு, எந்த எலும்பு மேல் மசாஜ் கை எப்படிப் போக வேண்டும், கருவிகளை எப்படிக் கிருமி நீக்க வேண்டும், இதையெல்லாம் உட்கார்த்தி வைத்து எழுத வைப்பார்கள். போர் அடிக்கும்தான், ஆனால் பின்னால் இந்தப் பாடம்தான் காப்பாற்றும். குறை என்னவென்றால் பிரைடல் மேக்கப்பில் இன்றைக்கு ஓடுகிற ஸ்டைல், விலை கூடிய பிராண்டுகள், இதெல்லாம் அங்கே அவ்வளவாகக் கைக்கு வராது, அதைத் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். பெரிய சலூன்களில் அப்ரெண்டிஸாகப் போய் உதவித்தொகையோடு கற்றுக்கொள்ளவும் வழி இருக்கிறது.

அடுத்தது குறுகிய காலப் பயிற்சிகள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், மத்திய அரசின் கௌஷல் விகாஸ் திட்டம், ஜன் சிக்ஷன் சன்ஸ்தான், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் என்றால் தாட்கோ, இப்படிப் பல வழியாக இலவசப் பயிற்சிகள் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். அசிஸ்டன்ட் பியூட்டி தெரபிஸ்ட், ஹேர் ஸ்டைலிஸ்ட் என்ற பெயர்களில் வரும். சில வாரம் அல்லது சில மாதம். கல்யாணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு ஏதாவது செய்யணும் என்று நினைப்பவர்களுக்கு இது சரியாக வரும். இலவசம் என்று சொல்லிவிட்டுச் சேர்ந்த பிறகு கிட் காசு, யூனிஃபார்ம் காசு என்று கையில் ரொக்கமாகக் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மாட்டார்கள் என்றால் அந்தப் பணத்துக்கும் திட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது.

பிறகு தனியார் அகாடமி. பெரும்பாலானவர்கள் போய்ச் சேருவது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெரிய செயின் சலூன்களே பயிற்சி மையம் நடத்துகின்றன. பெரம்பூரில் இருந்தும் கொளத்தூரில் இருந்தும் அண்ணா நகர் பக்கம் போய்ப் படிப்பவர்கள் நிறைய. தெருவுக்கு ஒரு பார்லர் அக்காவும் வீட்டிலேயே கற்றுத் தருகிறார். இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. பெயரைப் பார்க்காமல் ஒரு மதிய நேரமாகப் பார்த்து சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள். அட்மிஷன் கவுன்சலர் உட்கார வைத்து ஜூஸ் கொடுக்கும் காலை நேரம் வேண்டாம். ஒரு கண்ணாடிக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். எட்டுப் பேர் சுற்றி நின்று ஒரு டீச்சர் செய்வதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால் அது டெமோ, பிராக்டிஸ் இல்லை. கருவிகளைக் கிருமி நீக்கும் யூவி கேபினட் சுவிட்ச் போட்டிருக்கிறதா, அலங்காரத்துக்கு வைத்திருக்கிறதா? வாக்ஸ் எடுக்கும் மரக் குச்சியை ஒருத்தர் காலில் தடவிவிட்டு மறுபடி அதே டப்பாவில் முக்குகிறார்களா? முக்கினால் அங்கே சுத்தம் சொல்லித்தரப் போவதில்லை. டவல் வாசனையைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

அப்புறம் காசு. சொன்ன ஃபீஸில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா, தனியா என்று முதலிலேயே கேளுங்கள், ஐம்பதாயிரம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒன்பதாயிரம் கூடினால் வீட்டில் சண்டை வரும். கிட் அவர்கள் தருவதா, நாம் வாங்குவதா, தருவதென்றால் உள்ளே என்னென்ன, தேர்வுக் கட்டணம் தனியா, மாடல் (நாம் பழக முகம் கொடுக்கும் ஆள்) கிடைக்காத நாளில் என்ன செய்வார்கள், நடுவில் நின்றுவிட்டால் பணம் திரும்ப வருமா, எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது அட்மிஷன் போட்டதோடு சரி. என் தங்கச்சி முறைப் பெண் ஒருத்தி சேர்ந்த இடத்தில் ஹேர் கலரிங் பாடத்திட்டத்தில் இருந்தது, ஆனால் கோர்ஸ் முடியும்வரை கலர் டியூபை அவள் கையில் கொடுக்கவே இல்லை. கேட்டால் "தியரி எடுத்தாச்சே மா" என்று பதில்.

நூறு சதவீத வேலை உத்தரவாதம் என்று போர்டு போட்டிருந்தால், போன பேட்சில் படித்த மூன்று பேரின் நம்பர் கேளுங்கள், போன் பண்ணி எங்கே வேலை, என்ன சம்பளம் என்று விசாரியுங்கள். வேலை என்று சொல்வது பல நேரம் அவர்களுடைய கிளையிலேயே பாண்ட் எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்கும் வேலையாக இருக்கும். அது தப்பில்லை, ஆனால் எத்தனை மாதம், நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சிடெஸ்கோ என்று ஒரு பெயர் அடிக்கடி காதில் விழும். 1946-ல் தொடங்கிய சர்வதேச அமைப்பு, தலைமையகம் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில். அந்த டிப்ளமோவுக்கு வெளிநாட்டு ஸ்பா, நட்சத்திர ஓட்டல், கப்பல் வேலைகளில் மதிப்பு உண்டு, செலவும் அதற்கேற்ற மாதிரிதான். டோல்கேட் பக்கம் சொந்தமாகப் பார்லர் வைக்கப் போகிறவருக்கு அது தேவையே இல்லை. துபாய் கனவு இருந்தால் மட்டும் யோசியுங்கள், அதுவும் முதலில் இங்கே ஓரிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு.

சேர்ந்த பிறகு

முதல் வாரம் நூல்தான். நாற்பதாம் நம்பர் நூலைக் கையில் கொடுத்து, உங்கள் கால் முடியிலேயே பழகச் சொல்வார்கள். விரல் நுனியில் கோடு கோடாக வெட்டு விழும், இரவு ரசம் சாதம் பிசையும்போது எரியும். பத்து நாளில் தோல் தடித்துவிடும். நூலை வாயில் கடித்துச் செய்வது பழைய முறை, அதைப் பழகிக்கொண்டால் விடுவது கஷ்டம், கழுத்தில் மாட்டியோ கையால் மட்டுமோ செய்ய ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். ஐப்ரோவில் கை எவ்வளவு வேகம் என்பதைவிட, வந்தவரைத் தோலை இழுத்துப் பிடிக்க வைக்கிறீர்களா என்பது முக்கியம். ஒரு கை இமையில், ஒரு கை புருவத்துக்கு மேலே. தோல் தொளதொளவென்று இருந்தால் நூல் தோலையும் சேர்த்துக் கடிக்கும்.

வாக்ஸிங்கில் முடி வளர்ந்த திசையில் தடவி, எதிர்த் திசையில் தோலை ஒட்டினாற்போல் இழுக்க வேண்டும். மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் தோல் கன்றிப்போகும். சூட்டை முதலில் உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். முகத்தில் வாக்ஸ் கேட்டு வருபவரிடம் பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ரெட்டினால் க்ரீம் போடுகிறீர்களா என்று கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது, அந்தத் தோல் வாக்ஸோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

ஹேர் கலருக்கு வந்தால் கணக்கு இருக்கிறது. கலரோடு கலக்கும் டெவலப்பர் 10 வால்யூம் என்றால் 3 சதவீத பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரையை மறைக்க பொதுவாக 20 போதும். பெரிய நம்பர் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று 40-ஐ மண்டையில் தேய்க்கிற பார்லர்களும் ஊரில் உண்டு, அவர்களிடம் போனவர்கள் முடி உதிர்ந்து வந்து நிற்பார்கள். கறுப்பு டையில் இருக்கும் பிபிடி என்ற பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை கொடுக்கும், அதனால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டை விடாதீர்கள். "வருஷா வருஷம் அடிக்கிறேன் மா, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஒவ்வாமை எந்த வருடமும் புதிதாக வரலாம். ஸ்ட்ரெய்ட்னிங், கெரட்டின் செய்யும் அறையில் ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். சில கெரட்டின் கலவைகள் அயர்ன் சூட்டில் ஃபார்மால்டிஹைடு புகை விடும், கிளையண்ட் ஒரு நாள் மூச்சிழுக்கிறார், நீங்கள் தினமும் இழுக்கிறீர்கள்.

மாடல் கிடைப்பதுதான் மாணவிகளுக்குப் பெரிய தலைவலி. இதில் நம்ம ஏரியாவுக்கு ஒரு வசதி உண்டு, வீடுகள் நெருக்கம், வாசலில் உட்காரும் பழக்கம் இன்னும் போகவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்குத் தெருவில் "ஐப்ரோ ஃப்ரீயா எடுக்கறேன் அத்தை" என்று சொன்னால் போதும். முதலில் வயதானவர்கள் வருவார்கள், அவர்கள் தோல் தளர்ந்திருக்கும், அதில் பழகிவிட்டால் இளம்பெண் முகம் சுலபம். ஒவ்வொரு ஆளுக்கும் தேதி, என்ன செய்தோம், எங்கே தப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி, அவர்கள் சம்மதித்தால் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வையுங்கள். வேலைக்குப் போகும்போது இந்த நோட்டையும் போட்டோவையும்தான் கேட்பார்கள்.

உடம்பைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நாள் முழுக்க நிற்கும் வேலை இது. ஹீல்ஸ் வேண்டாம், மெத்தென்ற செருப்பு போடுங்கள், நாற்காலி உயரத்தைச் சரிசெய்யாமல் குனிந்து நின்று பழகினால் முப்பது வயதில் இடுப்பு பேசும். ஷாம்பூ, பெராக்சைடு என்று கை எப்போதும் ஈரமாக இருப்பதால் விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும் வரும், கலருக்கு நைட்ரைல் கிளவுஸ் கட்டாயம்.

மேக்கப், அதுவும் நம்ம நிறத்துக்கு

இதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மாநிறப் பெண்ணை "பளிச்சென்று காட்டணும்" என்று இரண்டு ஷேடு வெளுப்பான ஃபவுண்டேஷன் போட்டால் முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும், கழுத்து வேறு நிறம், கை வேறு நிறம். ஷேடைத் தாடை ஓரத்தில் மூன்று கோடு இழுத்து, வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் அவர் ஷேடு. கண்ணுக்குக் கீழே கருவளையம் நீலம் கலந்த கறுப்பாக இருக்கும், அதன் மேல் நேரடியாக கன்சீலர் வைத்தால் சாம்பல் தட்டும், முதலில் ஆரஞ்சு கரெக்டர் மெல்லிசாக வைத்துவிட்டு மேலே கன்சீலர். வெள்ளை எச்டி பவுடரை அள்ளிப் போட்டால் நேரில் ஒன்றும் தெரியாது, ஃப்ளாஷ் போட்டோவில் கண்ணுக்குக் கீழே சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும். பெண் வீட்டார் அடுத்த நாளே போன் செய்வார்கள். அதனால் ட்ரயலிலேயே ஃப்ளாஷோடு ஒரு போட்டோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். நம்ம ஊர் மண்டபங்களில் மணமேடை மேல் லைட் சூடும் ஹோமப் புகையும் வியர்வையும் சேரும், பவுடரை ஒரே தடவையில் கொட்டாமல் ஒவ்வொரு அடுக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வைத்தால்தான் தாலி கட்டும் வரை நிற்கும்.

பொருள் வாங்க பாரிமுனைக்கும் சௌகார்பேட்டைக்கும் பக்கத்தில் இருப்பது நமக்குப் பெரிய லாபம். காசி செட்டித் தெருப் பக்கம் போனால் யூ பின், சவுரி, ஜடை செட், ஸ்ப்ரே பாட்டில், செட் நகை எல்லாம் மொத்த விலையில் கிடைக்கும், கிட்டின் பாதி அங்கேயே முடியும். ஆனால் தோலில் தடவும் எதையும் அப்படி வாங்காதீர்கள். தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் நம்பர், காலாவதி தேதி இல்லாத ஃபேர்னஸ் க்ரீம் டப்பாவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2023-ல் கேரளத்தின் மலப்புரத்தில் இப்படிப்பட்ட க்ரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு வந்து, பாதரசம்தான் காரணம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

இன்னொன்று. "அட்வான்ஸ்டு காஸ்மெட்டாலஜி" என்ற பெயரில் சில இடங்களில் போடாக்ஸ், ஃபில்லர், பிஆர்பி (சொந்த ரத்தத்தில் இருந்து எடுத்துப் போடுவது), வெளுப்பு ஊசி எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். ஊசி டாக்டர் கையில் இருக்க வேண்டியது. உங்களிடம் எந்த டிப்ளமோ இருந்தாலும் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் காகிதம் போலீஸ் ஸ்டேஷனில் உதவாது.

படித்து முடித்தால் என்ன வேலை

செயின் சலூனில் ஜூனியராகச் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் குறைவுதான், அதோடு டார்கெட், டார்கெட் தாண்டினால் இன்சென்டிவ், ஷாம்பூ சீரம் விற்றால் கமிஷன், டிப்ஸ். அங்கே காசை விட முக்கியம் தினம் கைக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கை, ஒரு வருடமாவது தாக்குப்பிடியுங்கள். கற்றுத் தருவதில் ஆசை இருப்பவர்கள் ஐடிஐ முடித்தபின் சிஐடிஎஸ் என்ற ஒரு வருட ஆசிரியர் பயிற்சி படித்தால் ஐடிஐகளிலேயே பயிற்றுநராகப் போகலாம், இதற்குப் போட்டியிடுபவர்கள் நம்ம பக்கம் மிகக் குறைவு. சொந்தமாகப் பார்லர் என்றால் சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனில் நீங்களே போடலாம், ஏஜென்ட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். மாநகராட்சித் தொழில் உரிமம் வாங்குங்கள். முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை, கிஷோர் 5 லட்சம் வரை, சொத்து அடமானம் கேட்கக் கூடாது. முதல் கடனிலேயே ஹைட்ரா ஃபேஷியல் மெஷின் வாங்கி மூலையில் வைக்காமல், நல்ல நாற்காலியும் தண்ணீர் வசதியும் செய்துகொள்ளுங்கள்.

ஃப்ரீலான்ஸ் பிரைடல் ஆர்டிஸ்ட் ஆவதுதான் இன்று எல்லாப் பெண்களின் ஆசை. கல்யாணத்தோடு மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, நிச்சயம் எல்லாம் சேர்த்தால் வேலைக்குக் குறைவில்லை. புடவையை முந்தின நாளே மடிப்பு எடுத்து அயர்ன் செய்து பெட்டியில் வைத்துக் கொடுக்கும் ப்ரீ ப்ளீட்டிங் மட்டுமே செய்து வீட்டை ஓட்டும் அக்காக்கள் இருக்கிறார்கள், முதலீடு ஒரு அயர்ன் பாக்ஸும் கிளிப்பும்தான். முகூர்த்தம் காலை ஆறு மணி என்றால் நீங்கள் மண்டபத்தில் இரண்டரை மணிக்கு இருக்க வேண்டும், அதனால் ஆட்டோ காசைத் தனியாகவும் அட்வான்ஸைப் பாதியாகவும் முன்பே பேசிவிடுங்கள். "பொண்ணுக்கு மட்டும்தான்" என்று புக் செய்துவிட்டு அங்கே போனதும் அத்தை, சித்தி, நாத்தனார் என்று ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள், ஆளுக்கு எவ்வளவு என்று மெசேஜில் இருந்தால்தான் முகம் சுளிக்காமல் வாங்க முடியும்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் ஆர்டர் இல்லை என்று புலம்புபவர்கள் ஒரே வகை மணப்பெண்ணை மட்டும் பழகியவர்கள். வட சென்னையில் அந்தப் பிரச்சினையே வர வேண்டியதில்லை. ஆடியில் மண்ணடியிலும் வண்ணாரப்பேட்டையிலும் நிக்காஹ் நடக்கும், அங்கே துப்பட்டாவைத் தலையில் நகராமல் நிற்க வைக்கவும் பெண்கள் மட்டும் இருக்கும் அறையில் வேலை செய்யவும் தெரிய வேண்டும். ராயபுரம், காசிமேடு சர்ச் கல்யாணத்துக்குத் தலையில் போடும் வெள்ளை வலை (வெய்ல்), கொண்டை, மெல்லிய நிறங்கள். சௌகார்பேட்டை மார்வாடி வீடுகளில் மெஹந்தியில் ஆரம்பித்து நாள் கணக்கில் விசேஷம். படிக்கும்போதே, வழக்கமான தமிழ் இந்துக் கல்யாணத்தையும் சேர்த்து இந்த நான்கு வகைக்கும் ஒவ்வொரு மாடலைப் பிடித்து முழு லுக் செய்து போட்டோ வைத்துக்கொண்டு, ஆல்பத்தோடு எம்.சி. ரோடு புடவைக் கடைகளிலும் பக்கத்து மண்டப மேனேஜர்களிடமும் உங்கள் கார்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள். முதல் ஐந்து ஆர்டர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.